மறதிச் சான்றிதழ்

எங்கள் நகரத்தின் பொது நூலகம் ஒரு திங்கட்கிழமை காலையில் தொலைந்துபோனது. தொலைத்தது நூலகத் துறை. திறம்படத் தொலைத்ததற்காக அதே ஆண்டில் அத்துறைக்குக் கேடயமும் கிடைத்தது. கட்டடம் என்னவோ இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அதற்கு இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் தகவல் சொல்லவில்லை.

எனக்கும் சொல்லவில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே அனுப்பிவிட்டு லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் உட்கார்ந்திருப்பவன். என் வீட்டுக்காரி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நாற்பது தையல் மெஷின்களுக்கு மேற்பார்வை. ஒரு தையல் பிசகினால் பத்தடி தூரத்திலிருந்தே பிடித்துவிடுவாள். அப்படிப்பட்ட கண்களில் ஒன்று போன வருஷம் போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றிலும் விழித்திரை கழன்றுகொண்டது.

டாக்டர் அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்தார். "பதினாலு நாள் முகம் கவுந்தே படுக்கணும். சாப்பிடறதும் பாத்ரூம் போறதும்கூடத் தலையக் குனிஞ்சுக்கிட்டுதான். நிமிந்தா குமிழி நகந்துடும். நகந்தா கண்ணு போயிடும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றார். டாக்டர்கள் கடைசி வாக்கியத்தை மட்டும் எப்போதும் தெளிவாகச் சொல்கிறார்கள்.

கட்டிலின் தலைமாட்டில் இரண்டு பலகையைக் கழற்றி முகத்துக்கு இடைவெளி செய்தேன். அவள் மேலே கவிழ்ந்து படுக்க, நான் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பேசுவேன். எங்கள் இல்லறத்தில் அவள் மேலேயிருந்து பேசுவதும் நான் கீழேயிருந்து கேட்பதும் புதிதல்ல. இப்போது அதற்கு மருத்துவர் சீட்டும் இருந்தது.

பகலில் நான் வேலைக்குப் போகும் நேரம் என் அக்கா வந்து உட்கார்ந்துகொள்வாள். முதல் நாளே கட்டிலின் மேலேயிருந்து பஞ்சாயத்து.

"அண்ணி தலைமாட்டுல உக்காந்து பெருமூச்சு விடறாங்க. எனக்கு எந்திரிச்சு ஓடிடலாம்போல இருக்கு."

"ரேடியோ வைக்கட்டுமா?"

"விளம்பரம் வந்தா ஆஃப் பண்ணக் கை துறுதுறுங்குது. எந்திரிச்சுடுவேன்." பிறகு சொன்னாள்: "சும்மா கெடந்தா ஒரே நெனப்புதான் வருது. இந்தக் கண்ணும் போயிட்டா என்னன்னு. வேற ஏதாவது கொண்டாந்து மண்டைக்குள்ள போடு."

அப்போதுதான் அந்த நாவலைப் பற்றிச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் பொது நூலகத்தில் உட்கார்ந்து படித்தது. மருந்துக்கடைக்காரர் ஒருவருக்கு மூன்று மகள்கள். நடுமகள் கப்பலில் போனவனுக்காகக் காத்திருக்கிறாள். "இருநூத்திப் பதினேழாம் பக்கத்துல எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அவன் வந்தானா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றாள். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் குற்றச்சாட்டு என்மேல் இருந்தது எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மதியம் நூலகத்துக்குப் போனேன். நானும் அங்கே கடைசியாகப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உயரமான ஜன்னல்கள், சத்தம் போடாத மின்விசிறிகள், யாரும் என்னிடம் எதையும் விற்க முயலாத ஒரு பெரிய அறை. நூலகர் அம்மா, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பவர், கதையைப் பாதி சொல்வதற்குள் எழுந்துபோய் எடுத்துவந்தார். ஒரே பிரதி. "வெளியே தரக்கூடாது" என்று சிவப்பு முத்திரை. "இங்கயே படிங்க. எவ்வளவு நேரம் வேணாலும்" என்றார். என்னிடம் இந்த நகரத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

இப்படியாக ஏற்பாடு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதினாலு பக்கம் படிப்பேன். மாலையில் கட்டிலுக்கு அடியில் ஒப்பிப்பேன். ஆறு நாள் அவள் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்னூற்று ஒன்றாம் பக்கத்தில் நிறுத்தினேன். கப்பலில் போனவன் உயிரோடு திரும்பி வந்துவிட்டான். பெரிய மகள் அவனை வாசலோடு துரத்திவிட்டாள். நடுமகள் படியிறங்கி வருகிறாள், கதவோரம் ஈரம் சொட்டும் ஒரு குடையைப் பார்க்கிறாள்.

"அய்யய்யோ, யாரு குடைன்னு கேட்டாளா?"

"நாளைக்கு."

"உன்ன!" என்றாள். ஆனால் நிமிரவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் திங்கள். நூலகத்தின் பெயர்ப்பலகை இல்லை. பஸ் நிறுத்தத்தின் பெயருக்கு மேல் வெள்ளை அடித்திருந்தார்கள். கதவில் பூட்டு. வாசலில் மேசை போட்டு ஓர் அலுவலர். அவர் தலைக்கு மேல் துணிப் பதாகை: "நூலக மறுகண்டுபிடிப்பு இயக்கம். தொலைத்ததைத் தேடுவோம்! மதிப்பை உணர்வோம்!"

"சார், லைப்ரரி ஏன் பூட்டியிருக்கு?"

அவர் பதறிப்போனார். "மெதுவாப் பேசுங்க. இங்க லைப்ரரி இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்துகூட வந்தேனே."

"அதான் பிரச்சன" என்று பொறுமையாக விளக்கினார். "மக்கள் நூலகத்த மறந்துட்டாங்கன்னு மேலிடத்துக்கு வருத்தம். அவங்க அத மறுபடி கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்கணும்னா முதல்ல தொலையணுமா இல்லையா? அதான் தொலைச்சிருக்கோம். வியாழக்கிழமை, மறந்தவங்கள வச்சு விழா. அதுவரைக்கும் யாரும் உள்ள போக முடியாது."

"நானும் மறந்தவன்தான் சார். இருபத்திரண்டு வருஷம். இப்பத்தான் திரும்பக் கண்டுபிடிச்சேன்."

அவர் முகம் மலர்ந்தது. படிவத்தை எடுத்தார். "என்னைக்குக் கண்டுபிடிச்சீங்க?"

"போன செவ்வாய்."

பேனாவை மூடினார். "இயக்கம் தொடங்கினது இன்னைக்கு. நீங்க முன்கூட்டியே கண்டுபிடிச்சிருக்கீங்க. செல்லாது. விதிப்படி நீங்க 'தொடர்ந்து வருபவர்'. அவங்களுக்கு நூலகத்தோட மதிப்ப உணர வாய்ப்பில்லன்னு சுற்றறிக்கையே இருக்கு."

"என் வீட்டுக்காரிக்குக் கண்ணு சார். அந்தப் புத்தகம் ஒண்ணு மட்டும் போதும்."

"அப்படின்னா மறதிச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. நாளைக்குத் தேர்வு."

அன்று மாலை கட்டிலுக்கு அடியில் நானே கதை கட்டினேன். நடுமகள் குடையைப் பார்த்தாள். அப்படியே லிஃப்டில் ஏறினாள். நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது.

மேலே விரல்கள் பலகையைத் தட்டின.

"அந்தக் காலத்துல மருந்துக்கடையில லிஃப்ட் ஏது?"

"பெரிய மருந்துக்கடை."

"அடுத்து கேபிள் தேஞ்சு போச்சு, வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணியிருக்கணும்னு சொல்லுவ. இது அந்தக் கத இல்ல. நீ வேலைக்குப் போன கத." குரல் தேய்ந்தது. "புத்தகம் இல்லையா? மறைக்காம சொல்லு."

சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அவளுடையது நாற்பது மெஷினை மேய்த்த வாய். அது பேசாமல் கிடந்தது எனக்குப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மறதித் தேர்வு. விதி எளிது. தேர்வர் நூலகத்தைத் தேடி அலைய வேண்டும். குறைந்தபட்சத் தேடல் நேரம் நாற்பது நிமிஷம். வழியில் மூன்று பேரிடம் விசாரிக்க வேண்டும். மூவரும் தெரியாது என்று சொல்ல வேண்டும். கடைசியில் தற்செயலாகக் கண்டுபிடித்து வியக்க வேண்டும். வியப்புக்குப் பத்து மதிப்பெண். ஒரு கண்காணிப்பாளர் நிறுத்துக்கடிகாரத்தோடு பின்னால் வருவார்.

தெருமுனைச் சாவிக்காரரிடம் போய், "அண்ணே, இங்க எங்கயாவது லைப்ரரி இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, தினம் மத்தியானம் என்னத் தாண்டித்தான போற? மண்டையில ஏதும் அடிபட்டுச்சா? இந்தா, உக்காரு, தண்ணி குடி." பிறகு என் பின்னால் நின்ற கண்காணிப்பாளரிடம், "நீங்க கூட வந்தவரா? இவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சார்" என்றார்.

கண்காணிப்பாளர் குறித்துக்கொண்டார்: 'பொதுமக்கள் ஒத்துழைப்பு போதாது. தேர்வர் தோல்வி.'

வேலையிடத்துக்குத் திரும்பிக் குழிக்குள் இறங்கும்போது அக்கா போன் செய்தாள். "டேய், இவ ரெண்டு தடவ தலையத் தூக்கிட்டா. நான் அமுக்கிப் புடிச்சேன். அழுவுறா. கண்ணு ஆபரேஷன் பண்ணவ அழலாமாடா?"

எனக்குத் தெரியவில்லை. டாக்டர் அதைச் சொல்லவில்லை.

புதன்கிழமை தேர்வை வேறு பேட்டையில் வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. மூன்று பேரும் தெரியாது என்றார்கள். அதில் ஒருவருக்கு நூலகம் என்றால் என்ன என்பதையே விளக்க வேண்டியிருந்தது. கண்காணிப்பாளர் மகிழ்ச்சியோடு கூடுதல் மதிப்பெண் போட்டார். பிறகு நாற்பது நிமிஷம் நிறைவதற்காக ஒரே தெருவை மூன்று முறை சுற்றினேன். வீட்டில் ஒருத்தி ஒவ்வொரு நிமிஷத்தையும் முகத்தைப் புதைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். நான் இங்கே நிமிஷங்களை வீணடிப்பதற்காக மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் பஸ் ஏறி நூலக வாசலுக்கு வந்து, "அடடா! நூலகம்!" என்று வியந்தேன். ஆறு மதிப்பெண். "உண்மையான வியப்பு இல்லை" என்று குறிப்பு. தேர்ச்சி.

அன்று மாலை அவள் நிதானமாகச் சொன்னாள். "இங்க பாரு. நாளைக்கும் கத இல்லன்னா நான் எந்திரிச்சுடுவேன். கோவத்துல சொல்லல. என்னால முடியல."

"இன்னும் நாலே நாள்."

"நாலு நாள் உனக்கு. எனக்கு அது எவ்வளவுன்னு உனக்குச் சொல்லத் தெரியல."

பலகை இடைவெளி வழியே கையை நீட்டினேன். அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை விழா. மறதிச் சான்றிதழ் பெற்றவர்கள் ஏழு பேர். அதில் நாலு பேர் துறையின் ஊழியர்கள். அவர்களுக்குத் தேர்வு தேவைப்படவில்லை. நூலகத்தின் உள்ளே அவர்கள் அதற்கு முன் வந்ததேயில்லை. பூட்டைத் திறந்து எங்களை உள்ளே விட்டார்கள். படிக்கும் மேசைகளை அப்புறப்படுத்தி நாற்காலிகளை மேடை பார்த்துப் போட்டிருந்தார்கள். நூலகர் அம்மா ஓரமாகப் பூச்செண்டோடு நிறுத்தப்பட்டிருந்தார்.

துறை இயக்குநர் பேசினார்.

"முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். என்னால ஒரு புத்தகம்கூடச் சேதமானதில்ல. ஏன்னா நான் எதையும் தொட்டதில்ல!" கைதட்டல். "மக்கள் நூலகத்துக்கு வந்தா, புத்தகம் அழுக்காகுது. வரலன்னா, துறைக்கு அவமானம். இந்த ரெண்டுக்கும் நடுவுல நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். மக்கள் வரவும் வேணாம், மறக்கவும் வேணாம். வெளியில நின்னு மதிச்சாப் போதும்!" பலத்த கைதட்டல். "இந்த இயக்கத்தோட வெற்றியப் பாருங்க. நாலு நாளா உள்ள ஒரு ஆள்கூட வரல. இந்த ஊர்ல நூலகத்தப் பத்தி இவ்வளவு பேச்சு எப்பவாவது இருந்திருக்கா?"

அடுத்தது 'மதிப்பு உணர்தல்'. மறுகண்டுபிடிப்பாளர் ஒவ்வொருவரும் விரும்பிய ஒரு நூலைப் பத்து விநாடி கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். நான் நாவலின் பெயரைச் சொன்னேன். நூலகர் அம்மா கொண்டுவந்து கொடுத்தார். மதிப்பு குறைந்துவிடாமல் இருக்க அதைக் கனமான பிளாஸ்டிக்கில் வைத்து ஒட்டி, துறையின் முத்திரையைப் பதித்திருந்தார்கள்.

பத்து விநாடியில் ஒரு மனிதன் என்னவெல்லாம் செய்யலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். முன்னூற்று இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். இரண்டரை வரி படித்திருப்பேன். மூன்று பேர் என்மேல் விழுந்து பிடுங்கிவிட்டார்கள். நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அலுவலர் வெட்கப்படவில்லை. 'மதிப்பை உணர்ந்து கண்ணீர் மல்கும் பொதுஜனம்' என்று படம் எடுத்துக்கொண்டார்.

"அய்யா, என் வீட்டுக்காரி எந்திரிச்சுட்டான்னா கண்ணு போயிடும்!" என்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். குமிழி, குடை, கட்டில், எல்லாவற்றையும்.

இயக்குநர் கனிவோடு கேட்டுக்கொண்டார். "கவலப்படாதீங்க. பார்வையற்றோருக்குன்னு நம்ம துறையில தனிப் பிரிவே இருக்கு. உங்க மனைவிக்குப் பார்வை போனதும் விண்ணப்பிக்கச் சொல்லுங்க. முன்னுரிமை கொடுக்கறோம்."

அந்த நிமிஷத்தில்தான் நூலகர் அம்மா பூச்செண்டைக் கீழே வைத்தார்.

"அய்யா, முத்திரை கிழிஞ்சிருக்கு. ஆண்டு இருப்புச் சரிபார்ப்பும் பாக்கி. தணிக்கையில கேப்பாங்க."

'தணிக்கை' என்ற சொல்லைக் கேட்டதும் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்ன செய்யணும்?"

"பக்கம் பக்கமாச் சரிபாக்கணும். எழுத்து அழிஞ்சிருக்கான்னு தெரிய ஒருத்தர் முழுசா உரக்க வாசிக்கணும். இன்னொருத்தர் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'சரி' சொல்லணும். விதி இருபத்தெட்டு. முக்காவாசிப் புத்தகம் போன வருஷமே பாத்தாச்சு. முன்னூத்தி ரெண்டுல இருந்துதான் பாக்கி."

"சரி சொல்ல நம்ம ஆள் யாரையாவது போடுங்க."

"முடியாதுங்க. ரெண்டாவது ஆள் புத்தகத்தப் பாக்கக் கூடாது. பாத்தா பாரபட்சம் வந்துடும்னு விதி சொல்லுது. எல்லா நேரமும் புத்தகத்தப் பாக்காம இருக்கற ஆளா வேணும்."

"அப்படி யாரு இருப்பா?" என்று இயக்குநர் உண்மையான கவலையோடு கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன்.

அரை மணி நேரத்தில் உத்தரவு கையெழுத்தானது. என் வீட்டுக்காரி, நூலகத் துறையின் தற்காலிக இரண்டாம் சரிபார்ப்பாளர், ஊதியமின்றி, தொலைபேசி வழியாக. அக்கா போனைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். நான் பயத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நூலகர் மேசைக்கு எதிரில் நின்றேன்.

"பக்கம் முன்னூற்று இரண்டு" என்று நூலகர் அம்மா அலுவலகக் குரலில் தொடங்கினார். குடை யாருடையது என்று நடுமகள் கேட்டாள். பெரிய மகள் பொய் சொன்னாள். பக்கம் முடிந்தது.

போனில் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு: "சரி."

பின்னாலிருந்து அக்காவின் குரல்: "என்ன சரி? அந்தப் பெரியவ பொய் சொல்றாடி!"

"அண்ணி, சும்மா இருங்க. பக்கம் சரின்னுதான் சொன்னேன்."

நான்கு நாள் இப்படி நடந்தது. பூட்டிய நூலகத்துக்குள் ஒரு குரல், நாலு தெரு தள்ளி ஒரு 'சரி'. அலுவலர் வந்து எட்டிப் பார்ப்பார், பதிவேட்டில் டிக் அடிப்பதைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போய்விடுவார். அழுகை வரும் பக்கங்களில் என் வீட்டுக்காரி 'சரி' சொல்லக் கொஞ்சம் தாமதிப்பாள். நூலகர் அம்மா காத்திருப்பார். அவசரப்படுத்த மாட்டார்.

பதினாலாவது நாள் மதியம் நான் போனபோது நானூற்றுப் பத்தாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். எதிர்ப் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் அட்டை தெரிந்தது. கடைசித் தாளை எவனோ எப்போதோ கிழித்திருந்தான். தையலோரத்தில் விரல் அகலத்துக்குக் காகிதத் துணுக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

நூலகர் அம்மா அந்தத் துணுக்கின்மேல் விரலை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பக்கம் நானூற்றுப் பதினொன்று" என்றார் அதே குரலில். வாசிக்கத் தொடங்கினார்.

"சரி."

"பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு."

நடுமகள் கடைசியில் என்ன செய்தாள் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. புத்தகத்தில் இல்லாததைப் பரப்பியதாகத் துறை என்மேல் நடவடிக்கை எடுக்கும். ஒன்று மட்டும் சொல்லலாம். அதைக் கேட்டுவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

இந்த முறை போனில் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அக்காவின் பெருமூச்சுகூட இல்லை. பிறகு:

"சரி."

நூலகர் அம்மா பதிவேட்டில் எழுதினார்: 'பக்கங்கள் 412. குறைவில்லை.' கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எதையும் பார்க்காதவன்போல ஜன்னலைப் பாராட்டினேன்.

மறுநாள் காலை டாக்டர் கட்டைப் பிரித்தார். விரல்களைக் காட்டினார். "ரெண்டு" என்றாள். நகர்த்திக் காட்டினார். "மூணு. நகம் வெட்டுங்க டாக்டர்" என்றாள். டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

தெருவுக்கு வந்தோம். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கடையையும் சோதனை போடுவதுபோலப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். நூலகம் இன்னும் பூட்டித்தான் இருந்தது. இயக்கத்துக்குக் கிடைத்த வெற்றியால் அதை இன்னும் ஆறு மாதம் தொலைத்துவைக்க முடிவு செய்திருந்தார்கள். அதைச் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அந்தக் கடைசித் தாள் இல்ல, அப்படித்தான?" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாலு நாளா காதாலயே பாத்துட்டு இருந்தேன். ஒவ்வொரு தாள் திருப்பறப்பவும் ஒரு சத்தம் வரும். பதினொண்ணுல இருந்து பன்னெண்டுக்குப் போறப்ப வரல."

"தெரிஞ்சுமா சொன்ன?"

அவள் என்னை, பத்தடி தூரத்திலிருந்து தையல் பிசகைப் பார்க்கும் அந்தப் பார்வை பார்த்தாள்.

"பின்ன? தாளக் காணோம்னு நான் சொல்லியிருந்தா, முதல்ல அந்தம்மாவத்தான கேப்பாங்க?"